மூட்டை தூக்குகிறவருக்கு எதற்கு ஜிம்?

"தம்பி, தோட்டத்துல கெடந்து மாரடிச்சு வராத உடம்பா, இரும்பத் தூக்குனா வந்துரப் போகுது?"

கம்பம் பள்ளத்தாக்கில் எடைப் பயிற்சி செய்கிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. கேட்பவர் மேல் கோபம் வராது. கேலியில் நியாயம் இருக்கிறது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் ஊரில் கூலி வேலையே ஆளை முறித்துப் போடுகிறது. அதற்கு மேல் மாதாமாதம் பணம் கட்டி, ஒரு பாரத்தைத் தூக்கி, எங்கும் கொண்டுபோகாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதை வேறு எப்படித்தான் பார்ப்பார்கள்?

வேலை வேறு, பயிற்சி வேறு

பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கவாத்து செய்பவரைக் கவனியுங்கள். இரண்டு கையும் தலைக்கு மேலே, கழுத்து பின்னால் சாய்ந்தபடி, மணிக்கணக்காக. விடியும் முன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிப் போகும் பெண்கள் ஏலச்செடியின் தூரில் குனிந்தும் குத்தவைத்துமே பகலைக் கழிக்கிறார்கள். காய் பிடிப்பது அடியிலிருந்து கிளம்பும் சரத்தில்தானே.

இந்த வேலைகளில் அசதிக்குக் குறைவில்லை. ஆனால் தசை வளர்வதற்கான காரணம் அதிகம் இல்லை. நேற்று சுமந்த சுமைதான் இன்றும்; உடம்பு அதற்கு என்றைக்கோ பழகிவிட்டது. ஒரே தோள், ஒரே முட்டி, ஒரே இடுப்பு திரும்பத் திரும்பத் தேய்கிறது. வலித்தாலும் நாளை போகாவிட்டால் சம்பளம் கிடையாது. எடைப் பயிற்சியில் இவை எல்லாமே தலைகீழ். சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், எல்லா உறுப்புக்கும் முறை வைத்து வேலை உண்டு, அடுத்த முறைக்குள் ஓரிரு நாள் ஓய்வும் உண்டு. தசை பலப்படுவது அந்த ஓய்வில்தான்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2021இல் வெளியான ஆய்வு இதே இடத்தைத் தொட்டது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களிடம் மாரடைப்பு போன்ற பாதிப்புகள் குறைவாக இருந்தன. வேலையில் கடுமையாக உடலை வருத்தியவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஆகவே 'உழைக்கிறவனுக்கு எதுக்கு' என்பதைவிட 'உழைக்கிறவனுக்கு எப்போது நேரம்' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு என்னிடமும் சுலபமான பதில் இல்லை.

நடந்தால் போதாதா?

நடை நல்லதுதான். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் கொண்டுவந்தது. இதயத்துக்கும் மூச்சுக்கும் நடை போதும், தசைக்குப் போதாது. 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, 60ஐத் தாண்டினால் இன்னும் வேகமாக. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் நடை போன்றவற்றோடு நிற்காமல், வாரம் குறைந்தது இரண்டு நாள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியையும் தனியாகச் சொல்கிறது. நம் ஊரில் பலர் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்கிறது.

சர்க்கரை நோய்க்கும் தசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அது சுருங்கினால் சர்க்கரைக்குப் போக்கிடமும் சுருங்கும். இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது.

"வயசாயிருச்சு, இனிமே என்னத்தப் பண்ண" என்பவர்களுக்கு பாஸ்டன் கதையைச் சொல்லலாம். 1990இல் அங்கு ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது.

அந்தப் பித்து

சரி, ஆரோக்கியம் புரிகிறது, இவ்வளவு ஆசை எதற்கு என்பார்கள். பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு ஒரு காளையைத் தயார் செய்பவரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை. பருத்திக்கொட்டை வைக்கிறார், நீச்சல் விடுகிறார், மண் குத்தப் பழக்குகிறார். உழவுக்கும் போகாத, வண்டியும் இழுக்காத மாட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஊரில் ஒருவர் வாயைத் திறப்பதில்லை. மனிதன் தன் உடம்புக்குச் செய்தால்தான் வேடிக்கையாகிவிடுகிறது.

தரையில் கிடக்கும் கம்பியைத் தூக்கும்போது என்ன நடக்கிறது? காலின் முன்பக்கத்தை ஒட்டிக் கம்பி. முதுகை நிமிர்த்தி, இடுப்பை மடித்துப் பிடிக்கிறீர்கள். வயிற்றை இறுக்கிப் பாதத்தால் தரையை அழுத்த, ஒரு கணம் ஒன்றும் அசைவதில்லை. பிறகு தட்டுகள் லேசாகக் கிணுங்கும், கம்பி முழங்காலைத் தாண்டும், நிமிர்ந்து நிற்பீர்கள். போன மாதம் அசையாத 60 கிலோ. சிபாரிசும் செல்லாது, கடனும் கிடைக்காது. அந்தக் காலத்தில் ஊர் வாலிபர்கள் தூக்கிக் காட்டிய இளவட்டக்கல்லுக்கு எடை ஒன்றுதான், தூக்கினால் ஆண்பிள்ளை, இல்லாவிட்டால் இல்லை. ஜிம்மில் வெறும் 20 கிலோ கம்பியிலிருந்து, அதற்கும் குறைவான டம்பெல்லிலிருந்து தொடங்கலாம், பெண்கள் உட்பட.

"பொம்பளைப் பிள்ளைக்கு ஆம்பளை உடம்பு வந்துரும்" என்கிற அத்தைமார்களே, நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதை அடுப்படிக்கு நகர்த்துவது யார்? பெரிய தசை திரள்வதற்கான டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடலில் மிகக் குறைவு. 2024இல் கோவையில் நடந்த ஒரு போட்டியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள் 50 கிலோ தூக்கினார். பேத்திகளைக் கொஞ்சும் வயது. உடம்பு இன்னும் பாட்டியுடையதுதான்.

தொடங்குமுன்

முதலில் ஒரு சோதனை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். திணறினால் அதுவே உங்கள் முதல் மாதப் பயிற்சி. பிறகு சுவரில் கை வைத்துத் தண்டால், சிறிய பாரம், அப்புறம் ஜிம்.

ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் எகிறும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும், கனமான பாரம் கண்ணுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

லேபிள் இல்லாத புரதப்பொடி டப்பாவும், "ரெண்டே மாசத்துல காட்டுறேன்" என்று யாராவது நீட்டும் ஊசியும் வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு இதயத்தையும் ஈரலையும் ஆண்மையையும் கெடுக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் வாரச்சந்தையிலேயே கிடைக்கின்றன.