அன்று இருட்டு இருந்தது, இன்று செய்தி இருக்கிறது

1872 நவம்பர் 30-ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்துக்கு ஒரு தந்தி புறப்பட்டது. அனுப்பியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ். மூன்று நாளைக்கு முன் பீலாவின் வால்நட்சத்திரம் பூமியைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது, சென்டாரஸ் மண்டலத்தின் தீட்டா விண்மீனுக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள் என்பது செய்தி. ரஷ்யா வழியாகச் சுற்றி வந்தும், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் அது சென்னைக்கு வந்து சேர்ந்தது.

பீலா சாதாரண வால்நட்சத்திரம் இல்லை. ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த அது, 1846-இல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 1852-க்குப் பிறகு காணாமலே போயிற்று. 1872 நவம்பர் 27 இரவில் ஐரோப்பிய வானத்தில் எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. பீலாவின் பாதையைப் பூமி கடந்த நேரம் அது. உடைந்த துண்டு ஏதாவது தென்படுமா என்று தேட வேண்டிய இடமோ தெற்கு வானம். ஜெர்மனியில் அந்த விண்மீன் அடிவானத்தை விட்டு மேலே எழும்புவதே அரிது. அதனால்தான் சென்னைக்குத் தந்தி.

வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சன் விடியலுக்கு முன்பே எழுந்து தொலைநோக்கியின் அருகே போய் நின்றார். கார்த்திகை மாதத்துச் சென்னை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மேகமும் மழையும். மறுநாள் விடியலும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள், ஐந்தேகால் மணி வாக்கில், மேகத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டது. அதில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது! அடுத்த விடியலிலும் வாலோடு பார்த்தார். அதன்பின் வானம் மூடிக்கொண்டது. ஒரு பாதையைக் கணக்கிட மூன்று நாள் பார்வையாவது வேண்டும். இருந்ததோ இரண்டுதான். போக்சன் பார்த்தது பீலா இல்லை, தற்செயலாக அந்தப் பக்கம் வந்த வேறொரு வால்நட்சத்திரம் என்று பிற்காலக் கணக்குகள் காட்டின.

இந்தக் கதையில் என் மனம் நிற்கிற இடம் ஒன்று உண்டு. சென்னை நகரத்தின் நடுவே இருந்த ஓர் ஆய்வகத்தில், வானம் பார்க்கிறவருக்கு அன்று இருந்த எதிரி மேகம் ஒன்றுதான். மேகம் விலகினால் போதும், இருட்டு தயாராக இருந்தது. இன்று அந்த வளாகத்தில் மண்டல வானிலை மையம் இயங்குகிறது. பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு அங்கேயே நிற்கிறது. அதற்கு மேலிருக்கும் வானம் மட்டும் எந்த இரவிலும் கறுப்பதில்லை.

தொலைநோக்கி தேவைப்படாத பெரிய வால்நட்சத்திரங்களைத் தமிழர்கள் போக்சன் காலத்துக்கும் வெகு முன்பிருந்தே பார்த்துவந்தார்கள். சனி புகைந்தாலும், தூமம் தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் பாரியின் நாட்டில் வளம் குன்றாது என்று கபிலர் புறநானூற்றில் பாடுகிறார். தூமம் என்று அவர் சொல்வது புகைக்கொடியைத்தான், அதாவது வால்நட்சத்திரத்தை என்பது உரைகாரர்கள் காட்டும் பொருள். கேடு வரும் என்று ஊரார் நம்பிய குறி அது. சேர மன்னன் ஒருவன் இறப்பதற்கு முன், பங்குனி இரவில் விண்மீன் விழுந்ததைக் கண்டு கலங்கிய கூடலூர் கிழாரின் பாட்டும் அதே நூலில் இருக்கிறது. பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பயப்படுவதற்காகவாவது அவர்கள் தினமும் வானத்தைப் பார்த்தார்கள். எந்த மீன் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் புதிதாக ஒன்று முளைத்தால் தெரியும்.

1910-இல் ஹேலி வால்நட்சத்திரம் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில், பகலிலும் தெரியும் அளவுக்கு வேறொரு பெரிய வால்நட்சத்திரம் எதிர்பாராமல் வந்து போயிருந்தது. தாத்தா பாட்டிகள் ஹேலியைப் பார்த்ததாகச் சொன்ன கதைகளில் சில, அந்த ஜனவரி விருந்தாளியைப் பற்றியவையாக இருந்திருக்கலாம். ஹேலியின் வாலில் சயனோஜன் என்னும் நச்சு வாயு இருப்பதை நிறமாலை வழியே கண்டார்கள். மே மாதம் 18, 19 தேதிகளில் பூமி அந்த வாலுக்குள் புகுந்து வெளியே வரும் என்றும் கணக்கிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பத்திரிகைகள் எழுத, உலகின் பல ஊர்களில் மக்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடுவோம் என்று நடுங்கினார்கள். ஜன்னல் இடுக்குகளை அடைத்தவர்களும், வால்நட்சத்திர மாத்திரை என்று விற்றதை வாங்கி விழுங்கியவர்களும் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வகத்தில் நாம் உண்டாக்கும் வெற்றிடத்தைவிடவும் மெல்லியது அந்த வால்.

அதே ஆண்டில் புதுச்சேரியில் இருந்த பாரதியார் 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்ற பாட்டை எழுதினார். வால் மிக மெல்லிய வாயு, ஏழைகளுக்கும் தீங்கு செய்யாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டதால் வியப்பு ஒரு துளியும் குறையவில்லை. வானநூலில் தேர்ந்த நாடு தன் நூல்களை மறந்து, பிறர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் அதில் இருக்கிறது. அறிவு வந்தால் அழகு போய்விடும் என்று சொல்பவர்களுக்குக் காட்ட, தமிழில் இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் ஹேலியைப் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்துகொண்டிருந்தார்.

பிறகு 1965. ஜப்பானில் கவோரு இகேயா என்றொரு இளைஞர், பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி. தானே செய்த தொலைநோக்கியால் பத்தொன்பது வயதிலேயே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். சுதோமு செக்கி கிதார் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். அந்தச் செப்டம்பரில் ஒரே விடியலில், வேறு வேறு ஊர்களில், சில நிமிட இடைவெளியில் இருவரும் ஒரே புது ஒளியைக் கண்டார்கள். இகேயா–செக்கி அக்டோபர் 21-ஆம் தேதி சூரியனின் பரப்பிலிருந்து ஐந்து லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வளைந்து திரும்பியது. சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு பகலிலேயே அதைப் பார்த்தார்கள். மாதக் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கில் அதன் வால் நெட்டுக்கு நின்றது. வாசல் தெளிக்க எழுந்த பெண்களும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர்களும், யாரும் அறிவிக்காமலே பார்க்கக்கூடிய காட்சி. பாகிஸ்தானோடு போர் நடந்த ஆண்டு என்பதால் அதையும் இதையும் முடிச்சுப் போடுவது அன்று எளிதாக இருந்தது.

1986-இல் ஹேலி மீண்டும் வந்தபோது ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் தயாராக இருந்தது. அதன் பின்னால் இருப்பவர் வைனு பாப்பு. 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தான் எடுத்த ஒரு புகைப்படத் தகட்டில் புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டவர். அது பாப்பு–போக்–நியூகர்க் என்ற பெயரில் இன்றும் பட்டியலில் இருக்கிறது. பின்னாளில் கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தியவர், விண்மீன்களைப் பார்க்க வேறோர் இடம் வேண்டும் என்று தேடி, சந்தனமரக் காடுகளுக்கு நடுவே காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் அங்கிருந்து தெரியும். சுற்றிலும் இருட்டு. நம் நாட்டிலேயே கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை. 1982-இல் காலமாகியிருந்தார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த முறை ஹேலி பலரை ஏமாற்றியது. சூரியனுக்கு மிக அருகில் வந்த பிப்ரவரியில் அது சூரியனுக்கு அந்தப் பக்கமும் பூமி இந்தப் பக்கமும் இருந்தன. பெரியவர்கள் சொல்லி வளர்த்த கனவோடு மொட்டை மாடிக்கு ஏறியவர்களுக்குக் கிடைத்தது ஒரு மங்கலான திட்டு. ஆனால் மார்ச் 14 அன்று ஜியாட்டோ விண்கலம் அதன் கருவுக்கு 600 கிலோமீட்டர் அருகில் சென்று படம் அனுப்பியது. உள்ளே இருப்பது பதினைந்து கிலோமீட்டர் நீளமுள்ள, நிலக்கரியைவிடக் கறுத்த ஒரு கட்டி. அந்தக் கரிக்கட்டியிலிருந்தா இத்தனை வெளிச்சம்!

இன்றைக்கு வால்நட்சத்திரம் தேடுவது பெரும்பாலும் இயந்திரங்களின் வேலை. அமெரிக்காவின் டான் மக்கோல்ஸ் தன் முதல் வால்நட்சத்திரத்தைக் காண 1,700 மணி நேரம் வானத்தைத் துழாவினார். இப்போது, பூமியில் மோதக்கூடிய சிறுகோள்களைத் தேடும் அட்லஸ் போன்ற தானியங்கித் தொலைநோக்கிகள் இரவுதோறும் வானத்தைப் படமெடுத்துக்கொண்டே போகின்றன. புது வால்நட்சத்திரங்கள் அதில் தாமாக வந்து மாட்டுகின்றன. இதை நான் இழப்பாகப் பார்க்கவில்லை. சோஹோ விண்கலத்தின் சூரியப் படங்களில் இதுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வால்நட்சத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்த ஆர்வலர்கள். இணைய வசதி உள்ள எந்த ஊர் மாணவியும் இதைச் செய்யலாம். போக்சன் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வாய்ப்பு இது.

பயமும் போய்விடவில்லை, உருவம் மாறியிருக்கிறது. 2025 ஜூலையில் சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி, வேறொரு சூரிய மண்டலத்திலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் வால்நட்சத்திரத்தைக் கண்டது. நம் சூரியனுக்குச் சொந்தமில்லாத, இங்கே ஒருமுறை மட்டும் வந்து போகிற, நாம் அறிந்த மூன்றாவது விருந்தாளி. சொல்லப்போனால் அதுவே மெய்சிலிர்க்கும் செய்தி. வாட்ஸ்அப்பில் சுற்றியதோ வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல் என்ற கதை. பூமிக்கு அது மிக அருகில் வந்த தூரமே சுமார் 27 கோடி கிலோமீட்டர்.

பயத்தை விளக்கத்தால் போக்கலாம். வெளிச்சத்தை என்ன செய்வது? 2024 செப்டம்பர் கடைசியில் சுச்சின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரம் விடியற்காலைக் கிழக்கில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் கைபேசியில் வந்துவிட்டது. நகரத்து மாடிகளில் நின்றவர்கள் பலர் அதைக் கண்ணால் காணவில்லை. கைபேசியை அசையாமல் வைத்து எடுத்த படத்தில்தான் வால் தெரிந்தது. கிராமத்துக்குப் போனாலும், நாற்சந்தியில் நிற்கும் ஹைமாஸ்ட் விளக்கு களத்துமேடு வரை வெள்ளையடிக்கிறது. பல நாடுகளின் மக்கள் தாமே எண்ணிப் பதிந்த விண்மீன் கணக்குகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு கூடிவருவதாக அது கண்டது. பிறந்தபோது 250 விண்மீன் தெரிந்த ஓரிடத்தில், பதினெட்டு வயதாகும்போது 100 மட்டுமே தெரியும் என்பது அதன் பொருள்.

தெருவிளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. இருட்டில் நடந்துபோகும் பெண்ணுக்கும், பாம்புக்கு அஞ்சும் விவசாயிக்கும் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் தரையில் விழ வேண்டும் என்பதே என் வாதம். மேலே மூடியிட்டுக் கீழே மட்டும் ஒளி விழச் செய்தால் மின்சாரமும் மிச்சம், வானமும் மிச்சம். லடாக்கின் ஹான்லேயை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்து, ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். அதை முன்னின்று நடத்துவது காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் மையம்தான். ஜவ்வாது மலைக்கும் அப்படியொரு காப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசை நாம் கேட்க வேண்டும். ஊராட்சியின் கிராமசபைக் கூட்டத்தில் விளக்குகளுக்கு மூடி கேட்பதை உங்கள் ஊரிலேயே தொடங்கலாம்.

2023 டிசம்பரில் ஹேலி தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுத் திரும்பிவிட்டது. 2061 ஜூலை 28 அன்று சூரியனுக்கு மிக அருகில் வரும். அந்த முறை பூமியும் அதுவும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் என்பதால் 1986-ஐவிடப் பிரகாசமாகத் தெரியும். இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைப் பார்க்கப் போகிறவர்கள். அவர்களை இந்த மாதத்து அமாவாசை இரவிலேயே மாடிக்கு அழைத்துப் போய், ஆறாமீனையும் சப்தரிஷி மண்டலத்தையும் காட்டிவையுங்கள்.