பழ ஈயும் எங்க ஆயாவும்

மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் கனிந்த வாழைத்தாரைச் சுற்றிப் பொடி ஈ பறக்குமே, பார்த்திருப்பீங்க. அதுதான் பழ ஈ. அதன் சொந்தக்காரங்களை வைத்து மைசூர் பல்கலைக்கழகத்தில் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கு!

குடகின் நசூட்டா ஈக்கு 8 குரோமோசோம். ஜப்பானின் ஒக்கினாவாவிலிருந்து வந்த அல்போமிகான்ஸ் ஈக்கு 6 தான். அப்ப இரண்டு தொலைஞ்சு போச்சா? இல்லை. 3-ஆவது குரோமோசோம் எக்ஸ், ஒய் குரோமோசோம்களோடு ஒட்டிக்கிச்சு. இரண்டு புத்தகத்தைச் சேர்த்து பைண்டிங் பண்ணினால் பக்கம் குறையுமா?

இந்த இரண்டு ஈயையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்தில் வளர்த்தார்கள். குரோமோசோம்கள் புதுசு புதுசாகச் சேர்ந்து 'சைட்டோரேஸ்' என்னும் இனங்கள் உண்டாயின. 1999-இல் அளந்து பார்த்தபோது புது இனங்களின் உடல் சிறுத்திருந்தது. பிறகு ஆயுளையும் எண்ணினார்கள். சில இனம் சீக்கிரம் சாகுது, சில இனம் அதிக நாள் வாழுது. (செத்த ஈயை எண்ண எனக்குப் பொறுமை இருக்காது.) இரண்டு பெற்றோரின் ஜீன்களும் கலந்திருப்பதால், குரோமோசோம் எண்ணிக்கை மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது.

வகுப்பில் நான்தான் குள்ளம். "உடம்பு வைக்கலைன்னா ஆயுசு கம்மி"ன்னு ஆயா பயமுறுத்தும். ஈ வேற, மனுஷி வேறதான். இருந்தாலும் இதை ஆயாகிட்ட சொன்னேன்.

"முதல்ல சோத்தைத் தின்னு"ன்னுச்சு.