கடைக்கு ஷட்டர்: நாமே மாட்டலாமா, ஆள் வைத்து மாட்டலாமா?

காலையில் கடை திறக்கும் நேரம். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். ஷட்டரோ பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கிறது. இந்த அவதியை அனுபவிக்காத வணிகர் நம் தூத்துக்குடியில் குறைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். காற்றோடு வரும் உப்பு இரும்பை ஓயாமல் அரிக்கிறது. போதாக்குறைக்கு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. நம் கடைகளில் புகுந்த வெள்ளம் வடிந்துவிட்டது. ஷட்டரில் ஏறிய துரு இறங்கவில்லை.

புது ஷட்டர் போட நினைக்கும் வணிகர்கள் கேட்பது இதுதான்: "சாமானை வாங்கி நாமே மாட்டினால் கூலி மிச்சம்தானே?" எங்கள் பதில்: பார்த்து வாங்குவது நம் வேலை, மாட்டுவது தொழில் தெரிந்தவர் வேலை, பராமரிப்பது மறுபடியும் நம் வேலை.

வாங்கும்போது

கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ.; 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ. 18க்கு விலை கொடுத்து 20ஐ வாங்கி வந்தால் இரும்பில் ரூபாய்க்கு நாலணா நஷ்டம். பெயின்ட் அடிக்கும் முன்பே பட்டையின் ஓரத்தை அளந்து பார்த்துவிட வேண்டும். நம் கடற்காற்றுக்குச் சாதாரண இரும்பைவிட ஜி.ஐ. தகடே உகந்தது. முதலில் விலை கூடினாலும் உழைப்பில் ஈடாகிவிடும்.

வாசல் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளக்கவும். பழைய சுவர்கள் நேராக இருப்பதில்லை. ஷட்டர் சுருண்டு நிற்க மேலே இடம் இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

மாட்டும்போது

ஷட்டரின் பாரத்தைத் தாங்குவது மேலே குழாயில் சுற்றியிருக்கும் ஸ்பிரிங். ஷட்டரை இறக்க இறக்க அது முறுக்கேறும். முறுக்கைத் தளர்த்தாமல் பிராக்கெட்டைக் கழற்றினால் குழாய் வேகமாகச் சுழன்று கையை முறித்துவிடும். ஒருமுறை எங்கள் கடையிலேயே, "ஒரு போல்ட்தானே" என்று ஸ்பேனரோடு ஏணியில் ஏறினோம். குழாய் சுழன்ற வேகத்தில் ஸ்பேனர் தெறித்துச் சுவரில் அடித்தது. தலை தப்பியது எங்கள் நல்ல காலம். அன்று மிச்சம் பிடிக்க நினைத்தது ஒரு நாள் கூலியை!

இரு பக்கக் கைடு சேனல்களும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காவிட்டால், எவ்வளவு நல்ல ஷட்டரும் சிக்கும். அதற்கும் பழகிய கை வேண்டும்.

ஆனால் ஆள் வைத்தாயிற்று என்று நாம் கல்லாவில் உட்கார்ந்துவிடக் கூடாது. வெல்டிங் வைத்த இடத்தில் ஜி.ஐ. பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாக பிரைமர் அடிக்கச் சொல்லி, அடித்து முடியும்வரை நிற்க வேண்டும். துரு முதலில் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை

1. தகட்டின் கேஜ், ஜி.ஐ.யா சாதா இரும்பா என்ற விவரம்.
2. சதுர அடிக் கணக்கில் மேலே சுருளும் பகுதியும் சேருமா?
3. ஸ்பிரிங் தளர்ந்தால் எத்தனை மாதம்வரை இலவசமாகச் சரிசெய்து தருவார்?
4. பாக்கித் தொகை, பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே. ரசீது அவசியம்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை கைடு சேனலைத் துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் விடவும். கிரீஸ் தடவினால் மணல் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி உலர விடவும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், துருவைச் சுரண்டி பிரைமரும் பெயின்டும் அடித்துவிடவும்.

நம் சரக்கு அத்தனைக்கும் இரவுக் காவல் இந்த ஒரு தகடுதான். அதை வாங்கும்போது கண்ணும், மாட்டும்போது கூலியும் தாராளமாக இருக்கட்டும்.