மலைக்கும் கடலுக்கும் நடுவே... மூச்சுத் திணறி மீண்ட சிலிகா!

சென்னையிலிருந்து ஹவுரா ரயிலில் போகிறவர்கள், ஒடிசாவில் பெர்ஹாம்பூர் வந்ததும் வலப்பக்க ஜன்னலுக்கு மாறிக்கொள்வது நல்லது. சற்று நேரத்தில் தண்டவாளத்தை ஒட்டியே விரியும் சிலிகா ஏரி! இடப்பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகள். ஏரிக்கு அந்தப் புறம், ஒரு மணல் திட்டைத் தாண்டினால் வங்கக்கடல்.

கோடையில் சுமார் 900 சதுர கி.மீ. இருக்கும் ஏரி, மழைக்காலத்தில் 1,100-ஐத் தாண்டிவிடும். மகாநதியின் கிளையாறுகள் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியே உப்புநீர் ஏறிவரும். இந்தக் கலவையில்தான் இறால், நண்டு, மடவை எல்லாம் செழிக்கின்றன. கரையோரக் கிராமங்களில் சுமார் 2 லட்சம் மீனவ மக்களுக்கு அதுதான் சோறு.

சிக்கலும் அங்கேதான். ஆறுகள் வண்டலைக் கொட்ட, அலைகள் மணலைத் தள்ள, முகத்துவாரம் தூர்ந்துபோனது. உப்பு குறைந்தது, களை மண்டியது, வலைகள் காலியாக வந்தன. 1993-ல், ஆபத்திலுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சிலிகா சேர்ந்தது.

2000 செப்டம்பரில் மணல் திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். அவ்வளவுதான்... கடல் உள்ளே வந்தது, மீனும் வந்தது! 2002-ல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. இன்று சாதபடாவில் படகேறினால், மொட்டைமூக்கு ஐராவதி டால்பின்களைப் பார்க்கலாம். படகோட்டிகள் துரத்தாமல் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால், மணல் சும்மா இருக்குமா? முகத்துவாரங்கள் இன்றும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2019-ல் ஃபனி புயல் வேறு, தன் பங்குக்குப் புதிதாகச் சில வாய்களைத் திறந்துவிட்டுப் போனது.