5 ஜிபி கோப்பு 1 ஜிபி ஆவது எப்படி?

5 ஜிபி கோப்பை 1 ஜிபி என்று காட்டும் மென்பொருள்கள் உண்டு. 3 ஜிபி கோப்பை மைனஸ் 1 ஜிபி என்று காட்டுபவையும் உண்டு. கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை, எண்தான் தவறு.

அளவைக் குறித்துவைக்க நிரலில் 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருப்பார்கள். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 4,294,967,295. இன்னும் ஒரு பைட் கூடினால், 99,999 கிலோமீட்டர் ஓடிய பழைய ஸ்கூட்டரின் மீட்டர்போல எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 5 ஜிபியில் 4 போய், 1 மிஞ்சும். அந்த 32 பிட்டில் ஒன்றை மைனஸ் குறிக்காக எடுத்துக்கொண்ட நிரல்களில் 2 ஜிபியிலேயே தகராறு தொடங்கிவிடும். விண்டோஸில் கோப்பின் அளவு மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு 32 பிட் எண்களாக நிரலுக்குக் கிடைக்கும். மேல் பாதியைக் கவனிக்காத நிரலிலும் இதே பிழைதான்.

இதில் நீண்ட காலம் நீடித்தது ஜிஜிப்பின் கதை. 1992-இல் வந்த இந்தச் சுருக்கும் கருவி, சுருக்கிய கோப்பின் கடைசி 4 பைட்டில் மூலக் கோப்பின் அளவை எழுதிவைக்கிறது. அளவு 4 ஜிபியைத் தாண்டினால் மீதியை மட்டும் எழுதினால் போதும் என்று 1996-இல் வெளியான வரையறையே சொல்கிறது. விவரம் காட்டும் கட்டளையோ அந்த மீதியை முழு அளவாகவே காட்டிவந்தது. அதை நம்பி, வட்டில் 2 ஜிபி காலியிடம் போதும் என்று 5 ஜிபி கோப்பை விரிக்கத் தொடங்கினால் பாதி வழியில் வட்டு நிரம்பி வேலை நின்றுவிடும். அளவு தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட இந்தச் சிக்கல் வந்திருக்காது.

2022-இல் வந்த 1.12 பதிப்பில்தான் இது திருந்தியது. கோப்பை முழுக்க விரித்து, பைட்டுகளை எண்ணிய பிறகே இப்போது அளவைச் சொல்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் வந்த விடைக்கு, பெரிய கோப்புகளில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் சரியான முடிவு இதுவே. பத்து நொடி தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்; தவறான எண்ணை நம்பி எடுத்த காப்புநகலை என்ன செய்வது?

கோப்பின் கடைசியில் இருக்கும் அந்த 4 பைட் மட்டும் மாறவில்லை. அதை மாற்றினால் பழைய கோப்புகளும் புதிய கருவிகளும் ஒத்துப்போகா. ஆகவே அந்த இடத்தை மட்டும் படித்து அளவு சொல்லும் நிரல்கள் இன்றும் தவறாகவே சொல்லும்.