எரிவாயுவும் எச்சரிக்கைக் கருவியும்



முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளி மணியோசையிலேயே வாழ்ந்தவன் நான். ஆதலின், ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைக் கொண்டே இன்றைய பொருளைத் தொடங்குகின்றேன்.

அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்பது எண்ணெய் வளத்தால் செழித்த ஓர் ஊர். அவ்வூர்ப் பள்ளிக் கட்டடத்தைச் சூடேற்ற இயற்கை எரிவாயு பயன்பட்டது. அதற்கு மணமில்லை. கசிந்த வாயு தரைக்கு அடியில் தேங்கிற்று. எவர் மூக்கும் அதனை அறியவில்லை. 1937 மார்ச் 18 அன்று பிற்பகல், தொழிற்பயிற்சிக் கூடத்தில் மின்சாரத் தேய்ப்புப் பொறி ஒன்றை இயக்கியபோது எழுந்த தீப்பொறியே வாயுவைப் பற்றவைத்தது என்பர். கட்டடம் வெடித்துச் சிதறிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மாணவர். அதன் பின்னரே, எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்கவேண்டும் என்னும் சட்டம் அம்மாநிலத்தில் பிறந்தது. நம் சமையல் வாயுவின் நாற்றமும் அவ்வாறு சேர்க்கப்படுவதே.

ஆயினும், உறங்குகின்றவனுக்கும் சளி பிடித்தவனுக்கும் மூக்கு எங்ஙனம் காவல் புரியும்? அதற்காகவே கருவி வேண்டப்படுகிறது.

எரிவாயு எந்த அளவிலும் வெடிப்பதன்று. மீத்தேன், காற்றில் 100க்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால்தான் வெடிக்கும். சமையல் வாயுவுக்கோ ஏறத்தாழ 2 பங்கே போதும். இக்கீழெல்லையை எட்டுமுன்பே, அதன் பத்தில் ஒரு பங்கிலோ ஐந்தில் ஒரு பங்கிலோ மணி ஒலிக்குமாறு தொழிற்சாலைக் கருவிகளை அமைப்பர்.

அக்கருவிகளுள் ஒருவகையில் இரண்டு சிறு மணிகள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் பிளாட்டினக் கம்பிச்சுருள் உண்டு. மின்சாரம் அதனைச் சூடேற்றும். ஒரு மணியின்மேல் மட்டும் வினையூக்கி பூசப்பட்டிருக்கும். வாயு அதன்மேல் எரிய, சூடு மிகும். கம்பியின் மின்தடையும் மிகும். மற்றொன்று மாறாது. இவ்வேறுபாட்டைக் காட்டுவது, ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பயிலும் வீட்ஸ்டன் சமனச்சுற்றே. உள்ளிருக்கும் வெப்பம் வெளியே தீமூட்டாதவாறு நுண்துளை உலோகத் தடுப்பு காக்கும். 1815இல் ஹம்ப்ரி டேவி தம் சுரங்க விளக்கைக் கம்பிவலையால் சூழ்ந்த அதே தத்துவந்தான்.

இனி, பொருத்தும் முறை. என் இல்லத்தில் இக்கருவியை மாட்ட வந்த மின்பணியாளர், "மேலே வைத்தால் பார்வையாக இருக்கும், ஐயா" என்றார். "தம்பி, சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது, தண்ணீரைப்போல் தரையில் படரும்" என்று கூறி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்கச் செய்தேன். மீத்தேனோ காற்றினும் இலேசானது. அதற்குரிய கருவி கூரையருகில் இருத்தல் வேண்டும். அடுத்து அவர், கருவியைச் சமையலறை விளக்கின் விசையோடு இணைக்க முற்பட்டார். அதனையும் தடுத்தேன். விளக்கை அணைத்தவுடன் காவலனும் உறங்கிவிடுவான் அன்றோ?

தொழிற்சாலைகளில் மின்னிணைப்புக்கு மேலும் கவனம் வேண்டும். கம்பி நீண்டால் அதன் தடையால் மின்னழுத்தம் குறையும், கருவி சோர்ந்துபோகும். ஆதலின் போதிய பருமனுள்ள கம்பியைத் தெரிந்தெடுப்பர். மின்சாரத்தை நிறுத்தாமல் பெட்டியைத் திறத்தல் கூடாது. வாயு இல்லாதபோதும் கருவி 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். வாயு பெருகப் பெருக அது 20 வரை உயரும். வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்று மாணவன் குரல் கொடுப்பது போன்றது அந்த 4. அது சுழியாகிவிட்டால் கம்பி அறுந்தது என்று பொருள். ஆபத்து இல்லை என்று பொருளன்று. பொருத்தியபின் அளவறிந்த வாயுவைச் செலுத்திச் சோதித்தலும், குறித்த காலங்களில் அச்சோதனையைத் தொடர்தலும் இன்றியமையாதவை.

மணி ஒலித்தால் செய்யவேண்டுவது யாது? எந்த விசையையும் போடாதீர், அணைக்கவும் வேண்டாம். உருளையின் அடைப்பை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். வெளியே சென்றபின் 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

நியூ லண்டன் பள்ளிக் குழந்தைகளுக்கு எச்சரிக்கை சொல்ல ஒரு குரல் இருந்ததில்லை. நமக்கு இருக்கிறது, அக்குரல் அடைபடாமல் காப்பது நம் கடமை.