கடலடியில் கசியும் நீரை ரேடியம் காட்டிக்கொடுக்கிறது

ஆறு கடலில் சேர்வது கண்ணுக்குத் தெரியும். ஓரிடத்தில் நின்று அளந்தும் விடலாம். நிலத்தடி நீர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளக் கரையில், கடலடி மணல் வழியே பரவலாகக் கசிகிறது. கருவியை எங்கே வைப்பது? அதனால் வெகுகாலம் அது கணக்கிலேயே வரவில்லை.

தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்லார்ட் மூர் 1996-இல் அதைக் கணக்கில் கொண்டுவந்தார். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரக் கடலில் ரேடியம்-226 மிகுந்திருந்தது. ஆற்று நீரும் வண்டலும் தருவதைக் கூட்டியும் கணக்கு இடித்தது. மிச்சம் நிலத்தடியிலிருந்துதான் வர வேண்டும். அந்த நீர், ஆறுகள் கொட்டுவதில் சுமார் 40 சதவீதம் என்றார் மூர்.

பாறையிலும் மணலிலும் உள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து ரேடியம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. நன்னீரில் அது மண்துகளோடு ஒட்டியிருக்கும். உப்புநீர் பட்டால் கழன்று நீரோடு வந்துவிடும். கரையோர மணலுக்குள் நடப்பது இதுதான்.

ரேடியத்தில் நான்கு வகை இயற்கையில் உண்டு. ரேடியம்-224 பாதியாகக் குறைய 3.7 நாள், 223-க்கு 11.4 நாள், 228-க்கு 5.75 ஆண்டு, 226-க்கு 1,600 ஆண்டு. கரையை விட்டு விலக விலக முதலிரண்டும் எப்படிக் குறைகின்றன என்று பார்த்தால், கரையோர நீர் வெளிக்கடலோடு கலக்கும் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தில் நாள்தோறும் எவ்வளவு ரேடியம்-226 வெளியேறுகிறதோ, அவ்வளவு உள்ளே வந்தாக வேண்டும். அதில் ஆற்றின் பங்கைக் கழித்து, ஒரு லிட்டர் நிலத்தடி நீரிலுள்ள ரேடியத்தால் வகுத்தால் நீரின் அளவு வந்துவிடும்.

இந்த வகுத்தலில்தான் சிக்கல். நிலத்தடி நீரின் ரேடியம் கிணற்றுக்குக் கிணறு மாறும். எந்த எண்ணை எடுப்பது என்பதைப் பொறுத்து விடை பல மடங்கு கூடிக் குறையும். நல்ல கிணற்று மாதிரிகள் இல்லாத கணக்கை நம்ப முடியாது.

அந்த 40 சதவீதமும் குடிக்கத் தக்க நீர் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி, அலையும் ஓதமும் மணலுக்குள் தள்ளித் திரும்பி வரும் கடல்நீரே. ஆனால் உள்ளே போன நீர் அப்படியே திரும்புவதில்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் சுமந்து வருகிறது. பாசிப் பெருக்கத்துக்கு அது தீனி. ஆற்றில் கழிவு கலப்பதை இன்றே நிறுத்தினாலும், பல்லாண்டுகளுக்கு முன் வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் நிலத்தடி வழியாகக் கடலுக்கு வந்துகொண்டிருக்கலாம்.